ஊரும் குடிகளும்: நாச்சியாபுரத்தை முன்னிட்டு ஒரு பாடம்

கிராமப் புனருத்தாரண வேலையில் இறங்கும் சங்கத்தார் சாதாரணமாகக் கிணறு, பாதை, விதை, உரம், பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறார்கள். அவை யாவும் அவசியமே. ஆயினும் அவற்றுக்கு முன்னர் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஊரில் எத்தனை பேர் வசிக்கிறார்கள், அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், யார் யார் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள், போனவர்கள் திரும்புவார்களா என்பதே அது. இதை அறியாமல் வெட்டும் கிணறு ஆளில்லாத தெருவில் அமையும். கட்டும் பள்ளிக்கூடம் பிள்ளைகளின்றி மூடப்படும். ஜனங்கள் ஓரிடத்தில் குடியேறுவதையும், பெருகுவதையும், குறைவதையும், கலைவதையும் ஆராயும் சாஸ்திரத்துக்கு மானிடப் பூகோளம் என்று பெயர். பெயர் பெரிதாயினும் அதன் கணக்கு எளியது; நமது அங்கத்தினர்கள் எவரும் போடத்தக்கது.

இப்பாடத்துக்கு உதாரணமாகச் சிவகங்கை ஜில்லாவில் காரைக்குடிக்கு மேற்கே, குன்றக்குடிக்கு அண்மையிலுள்ள நாச்சியாபுரத்தை எடுத்துக்கொள்கிறோம். அது நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அந்த வட்டாரத்தின் ஊர்களுக்குள் புதிதாக நுழைபவர் முதலில் காண்பது நீண்ட நேர் தெருக்களையும், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லையுமாக நீளும் பெருவீடுகளையும், பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களையும், ஆத்தங்குடித் தளக்கல் பதித்த கூடங்களையும்தான். கட்டிடத்தை மட்டும் பார்த்து ஊரின் செல்வத்தையும் ஜனத்தொகையையும் மதிப்பிடுபவர் வெகுவாக ஏமாறுவார். வீடு நிற்பது ஒன்று, குடி இருப்பது வேறொன்று. இவ்விரண்டும் எவ்வாறு பிரிந்தன என்பதே செட்டிநாட்டின் சரித்திரம்.

நான்கு எண்கள்

ஓர் ஊரின் ஜனத்தொகையை மாற்றுபவை நான்கே: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. விளக்கத்துக்காக ஆயிரம் பேருள்ள ஓர் ஊரைக் கற்பித்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் 180 குழந்தைகள் பிறந்தன; 80 பேர் இறந்தனர். இம்மட்டில் ஊர் 100 பேரால் வளர்ந்தது. ஆனால் அதே காலத்தில் 220 பேர் வெளியேறி, 60 பேர் மட்டுமே புதிதாக வந்தார்களாயின், முடிவில் நிற்பது 940 பேர். பிறப்பு இறப்பைவிட இருமடங்குக்கு மேல் இருந்தும் ஊர் சுருங்கிவிட்டது.

இதோடு முடிந்ததா எனில் இல்லை. வெளியேறுபவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் உட்பட்டவர்கள். அவர்களோடு அவர்களுக்குப் பிறக்கவிருக்கும் குழந்தைகளும் போய்விடுகிறார்கள். எனவே அடுத்த பத்து வருஷத்தில் பிறப்பு குறையும். முதியோர் விகிதம் ஏறுவதால் இறப்பு கூடும். ஒரு முறை ஏற்பட்ட போக்கு இரண்டு தலைமுறைக் கணக்கில் தன் சுவட்டை விட்டுச்செல்லும். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் இது பிரத்தியட்சமாகத் தெரியும்.

ஊர் அமைந்த காரணம்

செட்டிநாட்டில் பெரிய நதி எதுவுமில்லை. வருஷ மழை ஏறக்குறைய 35 அங்குலம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. செம்புறைக்கல் பூமி, ஆகையால் இங்கே ஊர் என்பது நீர்த்தேக்கத்தைச் சுற்றி அமைந்தது. வயலுக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊருணி. பெருவீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழை வளவுக்குள் இறங்கி, அங்கிருந்து வடிகால் வழியே தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும்படி முன்னோர் ஏற்பாடு செய்திருந்தனர். வீடும் தெருவும் ஊருணியும் ஒரே யந்திரத்தின் உறுப்புகள் என்றே சொல்லலாம். இதனை மனத்தில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்து இளையாத்தங்குடியில் குடியேறினர் என்பதும், பின்னர் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தனர் என்பதும் அவர்களிடையே வழங்கும் ஐதிகம். 96 ஊர்களில் பரவியிருந்ததாகச் சொல்வது வழக்கம். இன்று எஞ்சியுள்ளவை ஏறக்குறைய 75. மிச்சமுள்ளவை எங்கே போயின என்று கேட்பவர் குறைவு. ஊர்கள் பிறப்பதுபோல் இறப்பதும் உண்டு. சரித்திரம் நிற்கும் ஊர்களையே பேசுவதால் மறைந்தவை நமக்குத் தெரிவதில்லை.

கடல் கடந்த வயல்

வறண்ட பூமியில் இத்தனை பெரிய வீடுகள் எழுந்ததற்குக் காரணம் இந்த ஊர்களின் வயல்களில் இல்லை. அது வங்காள விரிகுடாவுக்கு அப்பால், ஐராவதி நதியின் முகத்துவாரச் சமவெளியில் இருந்தது. 1852ல் ஆங்கிலேயர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றினர். 1869ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கிழக்கு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பல் வழி சுருங்கவே, பர்மா அரிசிக்கு உலகச் சந்தை விரிந்தது. காடும் சதுப்புமாயிருந்த அந்நிலத்தைத் திருத்த மேல்பர்மாவிலிருந்து குடியானவர்கள் குடும்பம் குடும்பமாக இறங்கிவந்தனர். திருத்துவதற்குப் பணம் வேண்டும். அதைக் கொடுக்க ஆங்கிலப் பாங்கிகள் முன்வரவில்லை. கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்றவர்கள். ஆக, ஒரு நாட்டுக்குள் நடந்த குடிபெயர்ச்சியும், கடல் கடந்து நடந்த மற்றொரு குடிபெயர்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1850களில் ஏழெட்டு லட்சம் ஏக்கராயிருந்த கீழ்ப்பர்மா நெற்பரப்பு, 1930களில் சுமார் 87 லட்சம் ஏக்கராயிற்று.

இப்பிரயாணத்துக்குச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போதல்' என்று பெயர். போனவர்கள் பெரும்பாலும் ஆடவர் மட்டுமே. கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பின்பு ஏஜெண்டாக உயர்வதுண்டு. ஏஜெண்டுக்குக் கணக்கு மூன்று வருஷம். தவணை முடிந்ததும் ஊர் திரும்பிச் சிலகாலம் தங்கி, மறுபடியும் கப்பலேறுவார். ஊரில் இருந்தவர்கள் ஸ்திரீகளும், குழந்தைகளும், முதியோரும். கல்யாணமும் கோயில் காரியமும் வீடு கட்டுவதும் ஊரிலேயே நடந்தன. இதைத் திரும்பும் குடிபெயர்ச்சி என்று சாஸ்திரக்காரர்கள் சொல்வார்கள். ஆள் வெளியே, மனம் ஊரிலே. நிரந்தரமாகப் போய்விடும் குடிபெயர்ச்சி ஊரைக் காலியாக்கும். திரும்பும் குடிபெயர்ச்சியோ அது நடக்கும் வரையில் ஊரை அலங்கரிக்கும். ஆனால் வருமானத்தின் வேர் அந்நிய மண்ணில் இருப்பதால், அங்கே காற்றடித்தால் இங்கே மரம் சாயும்.

அவ்வாறே சாய்ந்தது. 1929-30ல் பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி அந்நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகளையும், ஏறக்குறைய 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது. அடுத்த வருஷமே உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை படுவீழ்ச்சியடைந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவரால் வட்டியும் கட்ட முடியவில்லை. ரொக்கமாக வரவேண்டியது நிலமாக வந்தது. பதின்மூன்று முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் பேரிலிருந்தது. 1937-38ல் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. கடன் கொடுத்தவருக்கு அது வேண்டாத சொத்து. கடன் வாங்கியவருக்கோ பாட்டன் திருத்திய பூமி. உழுதவர் நிலமிழந்த வெறுப்பு அந்நாட்டு அரசியலில் தீயாய்ப் பரவியதில் வியப்பில்லை. ஜாமீனாக நிலத்தையும் நம்பிக்கையாக ஒரே பயிரின் விலையையும் வைத்து நடத்தும் கடன் வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாணய சங்கத்தார் இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

1937ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23ந் தேதி ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர் அரக்கான் வழியாகவும், மணிப்பூர் மலைகள் வழியாகவும் திரும்பினர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1948ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் செய்தது. 1962ல் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபின், 1964 முதல் கப்பல் கப்பலாகத் தமிழர் சென்னைக்கு வந்து இறங்கினர். அவர்களுள் லேவாதேவிக்காரரைவிடக் கூலிகளும் சிறு வியாபாரிகளுமே அதிகம். காரைக்குடியிலுள்ள பர்மா காலனி என்னும் பெயர் அந்த வரவின் அடையாளம். ஊரைவிட்டுப் போன கூட்டத்துக்குத் திரும்ப ஒரு வீடு இருந்தது. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்து 'திரும்பி' வந்தவர்களுக்கு அது இல்லை. அவர்களுக்குச் சொந்த நாடே புதுக்குடியேற்றமாயிற்று.

பூட்டிய வீட்டின் விலை

பர்மாவும், பின்னர் இலங்கையும், மலேயாவும் வருமானத்தில் சுருங்கியபோது நாச்சியாபுரம் போன்ற ஊர்களில் நேர்ந்தது என்ன? பணம் வருவது நின்றதால் பெருவீட்டார் சென்னை, மதுரை, கோயமுத்தூர் முதலிய நகரங்களை நாடினர். படிப்பு, உத்தியோகம், ஆலை, பாங்கி என்று அவர்கள் வழி மாறிற்று. இம்முறை குடும்பத்தோடு போனார்கள், அங்கேதான் வித்தியாசம். ஆடவர் மட்டும் போனபோது ஊரில் அடுப்பு எரிந்தது. குடும்பம் போனதும் வீடு பூட்டப்பட்டது.

ஒரு பெருவீடு பூட்டப்பட்டால் ஒரு குடும்பம் மட்டும் குறைகிறதென்று எண்ணலாகாது. சமையற்காரர், காவற்காரர், பால் கொடுப்பவர், வண்ணார், கொத்தனார், தச்சர், சுண்ணாம்பு அரைப்பவர், பொற்கொல்லர், கணக்கெழுதுபவர் இத்தனை பேருடைய வரவும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களும் ஒவ்வொருவராகக் காரைக்குடிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் நகர்ந்தனர். பிற்காலத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர் பலர். பணக்காரர் போனது பேசப்படுகிறது. அவருக்குப் பின்னால் போனவர்களை யாரும் எழுதுவதில்லை.

பூட்டிய வீட்டை விற்றுவிடலாமே என்பார்கள். பங்காளிகளுக்குள் வீடு பங்கு பங்காய்ப் பிரிந்து, ஒரு வளவில் பத்திருபது பேருக்கு உரிமை இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். அத்தனை கையெழுத்தும் சேர்வது எளிதன்று. பராமரிப்பில்லாத வீட்டில் ஓடு சரியும், மழை இறங்கும், கடைசியில் தூணும் கதவும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்ச் சேரும். 2014ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதியை, 73 கிராமங்களும் 2 நகரங்களும் கொண்டதாக, யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். சில வீடுகள் பிரயாணிகள் தங்கும் விடுதிகளாகித் தப்பின. அது நல்லதே, ஆயினும் எல்லா வீடும் விடுதியாக முடியாது.

முன்னே சொன்ன யந்திரத்தை இங்கே நினைவு கூர்க. வீடு பூட்டியதும் வளவின் வடிகாலைச் சுத்தம் செய்வாரில்லை. தெரு வாய்க்கால் தூர்ந்தது. ஊருணிக்கு நீர் வருவது குறைந்தது. ஜனத்தொகை குறைந்தால் தண்ணீர் மிஞ்ச வேண்டுமல்லவா? மிஞ்சவில்லை, தண்ணீரைச் சேர்த்த கைகளும் சேர்ந்தே குறைந்தன.

இரண்டு விதக் கணக்கு

ஊரில் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் செட்டிநாட்டில் இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் சரியானவை. நகரத்தார் கணக்கில் விவாகமான தம்பதிகள் ஒரு 'புள்ளி'. அவர்கள் பெனாங்கில் இருந்தாலும், பெங்களூரில் இருந்தாலும், கோயிலுக்கும் ஊருக்கும் அவர்கள் புள்ளிதான். ஊர்ப்பொதுவுக்கும் கோயிலுக்கும் வரி புள்ளிக் கணக்கில் பிரியும். சர்க்கார் சென்ஸஸ் அப்படியன்று. 1931 வரையில் ஒரே இரவில், அந்த இரவு எவர் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணப்பட்டார். 1941 முதல் அந்த ஓரிரவு முறை கைவிடப்பட்டுச் சில நாட்கள் கொண்ட எண்ணிக்கை வந்தது. எந்த முறையாயினும் எண்ணும் காலம் முழுதும் அயல்நாட்டில் இருப்பவர் அதில் வரமாட்டார். புள்ளிக் கணக்கு ஊருக்கு உரியவரைச் சொல்லும். சென்ஸஸ் ஊரில் இருப்பவரைச் சொல்லும். ஊருணி வெட்டச் சந்தா கேட்பதற்கு முதற்கணக்கு உதவும். ஊருணியில் எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்பதற்கு இரண்டாவதே உதவும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை உபயோகித்துத் திட்டம் போடுவது வழக்கமான பிழை.

2011 சென்ஸஸில் சிவகங்கை ஜில்லாவின் ஜனத்தொகை 13,39,101. 2001ல் அது 11,55,356. ஜில்லா முழுதும் பார்த்தால் வளர்ச்சிதான். ஆனால் ஜில்லாவின் சராசரி உள்ளே சுருங்கும் ஊர்களை மறைத்துவிடும். அதே சென்ஸஸில் இந்த ஜில்லாவில் ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். இந்தியா முழுதுக்கும் 943. பெண்கள் மிகுந்த ஜில்லாவென்றால் அங்கே ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்பது முதலில் எண்ண வேண்டிய காரணம். ஒரே காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது.

பிறப்பு இறப்புகளும் பழையபடி இல்லை. 1918ன் விஷக்காய்ச்சல் இந்தியாவில் கோடிக்கு மேற்பட்டவரைக் கொண்டுபோயிற்று; 1911க்கும் 1921க்கும் இடையில் தேசத்தின் ஜனத்தொகையே சற்றுக் குறைந்தது. அதன்பின் இறப்பு படிப்படியாகத் தணிந்து, பிறப்பு மட்டும் உயர்ந்தே நின்றதால் பெருக்கம் உண்டாயிற்று. பின்னர் பிறப்பும் தணிந்தது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 1.8 குழந்தைகள். தலைமுறைக்குத் தலைமுறை தொகை குறையாதிருக்க 2.1 வேண்டும். பிள்ளைகள் மிகுந்துவிட்டார்கள் என்று நம் தகப்பனார்கள் கவலைப்பட்டார்கள். இனிவரும் சங்கத் தலைவர்கள் முதியோருக்கு மருந்து வாங்கிவர ஆளில்லையே என்று கவலைப்பட நேரும்.

ஊர் மீளுமா

காரைக்குடி இதற்கு மறுபுறம். 1928ல் நகரசபையான அவ்வூர் இரயில், கல்லூரி, ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றால் வளர்ந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கே அமைந்தது. 1948ல் அஸ்திவாரமிட்டு 1953ல் திறந்தனர். வெளிநாட்டில் சேர்ந்த செல்வம் வீடாக நின்ற ஊர்களும், கல்வியாகவும் தொழிலாகவும் மாறிய ஊரும் பன்னிரண்டு மைலுக்குள் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். வீடு கட்டியவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் காலத்தில் பர்மா நிரந்தரமென்றே எல்லாரும் நம்பினர்.

நாச்சியாபுரத்துக்கு இன்னும் அருகிலுள்ள உதாரணம் குன்றக்குடி. அங்கே தவத்திரு குன்றக்குடி அடிகளார் 1970களின் பிற்பகுதியில் கிராமத் திட்டமொன்றைத் தொடங்கினார். முதலில் செய்தது வீடு வீடாகக் கணக்கெடுத்தல்: யாருக்கு என்ன வேலை, யாருக்கு வேலையில்லை என்பது. பின்பு காரைக்குடி ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளின் உதவியோடு சிறு தொழில்களும் கூட்டுறவு அமைப்புகளும் ஏற்பட்டன. அது தேசத்தின் கவனத்தைப் பெற்றது. அங்கே நடந்ததனைத்தும் பூரண வெற்றியென்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கிலிருந்து தொடங்கினார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

சங்கத்தார் செய்யத்தக்கது

சங்கத்தின் அங்கத்தினர் பட்டியல் பல இடங்களில் பழைய ஊரின் பட்டியல். அதில் பேருள்ளவர் நகரத்தில். நிலத்தில் உழுபவர் பேர் அதில் இல்லை. பட்டா ஒருவர் பேரில், சாகுபடி மற்றொருவர் கையில். பயிர்க்கடன் கேட்டு வருபவரிடம் பட்டாவும் அடங்கல் நகலும் கேட்கிறோம். அவரிடம் வாய்மொழிக் குத்தகையன்றி வேறில்லை. அவர் வெறுங்கையோடு திரும்பி வட்டிக்கடைக்குப் போகிறார். இது கடன் விதியின் குற்றம் மட்டுமன்று. ஊர் மாறியதை நம் ஏடு அறியாத குற்றமும் கூட.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் ஒரு குடிவாரி ஏடு வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பத்தாம் வகுப்புப் படித்த இரண்டு பிள்ளைகளும் போதும். சிறிய ஊராயின் பதினைந்து நாளில் முடியும். வீட்டு இலக்கம், இப்போது வசிப்போர், வயதுப்படி, வெளியில் இருப்போர், எவ்வூரில், எத்தனை வருஷமாக, கடைசியாக ஊருக்கு வந்தது எப்போது, வீட்டுச் செலவு நடப்பது எந்த வரவால், நிலம் யார் பேரில், உழுபவர் யார். கடைசியாகச் சொன்ன இரண்டையும் நிலச் சொந்தக்காரர், உழுபவர் ஆகிய இருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதவேண்டும். ஒருவர் சொல்வதை மட்டும் எழுதினால் பின்னால் வழக்குக்கு இடமாகும். வெளியூர் வருமானம் மிகுந்த குடிகள் எத்தனை என்று கூட்டிப் பார்த்தால், அந்த ஒரு வழி அடைபட்டால் சங்கத்தின் பாக்கி எவ்வளவு ஏறும் என்பதும் தெரியவரும்.

அடுத்த சென்ஸஸுக்குக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பின் வருவதால் பல ஊர்களில் எதிர்பாராத எண்கள் வெளிப்படும். நம் ஏடு கையிலிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். பூட்டிய வீடுகளுக்குமட்டும் ஏட்டில் இன்னொரு பத்தி சேர்ப்பது நல்லது: சாவி யாரிடம் இருக்கிறது என்பது. ஐப்பசி மழைக்கு முன்னே வளவின் வடிகாலைத் திறந்துவிடச் சொல்ல, கேட்க வேண்டிய ஆள் அவரே.